இருபது வளைவு ஏறியும் ஒன்றும் தோன்றவில்லை

பட்டறைப் பதில்கள்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் நாலு பக்கம். அதற்கே முக்கால்வாசி இடம் போய்விடும் என்று ஆசிரியர் முணுமுணுத்தார். போகட்டும் என்றேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 41 வருடம் பட்டறை நடத்தியவன் நான். வண்டி இழுக்கவில்லை, வண்டி சூடாகிறது, வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்றுதான் ஆட்கள் வருவார்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை, அதுதான் குறை என்று ஒருவர் வருவது இதுதான் முதல் முறை. கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஜவ்வரிசித் தொழில். எனக்கு வயது 38. பள்ளிக்கூட நாளில் நோட்டு அட்டையில் படம் ஒட்டி வைத்திருந்த மாதிரியான ஸ்போர்ட்ஸ் காரைப் போன வருடம் வாங்கிவிட்டேன். அறுநூறு குதிரைத்திறனுக்கு மேல். எந்தக் கம்பெனி என்று போட வேண்டாம், ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் ஞாயிறு விடியற்காலை ஏற்காடு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து ஏரிக்கரையில் நிறுத்தி இறங்கியபோது ஒன்றுமே தோன்றவில்லை. லிஃப்டில் ஏறி வந்த மாதிரி இருந்தது. காலேஜ் படிக்கும்போது அப்பாவின் மாருதி 800-ஐ எடுத்துக்கொண்டு இதே மலை ஏறினால் உள்ளங்கை வேர்க்கும், மேலே போய் இறங்கியதும் காரணமில்லாமல் சிரிப்பு வரும். அந்த 800-ஐ எப்போதோ விற்றுவிட்டோம். புதுக் காரில் ஏதாவது கோளாறா? இல்லை எனக்கு வயதாகிவிட்டதா? மனைவியிடம் சொன்னால் திமிர் என்கிறாள்.
வாசகர், சேலம்

பதில்: திமிர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் இனிமேல் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள் தம்பி. அந்தக் காரின் விலைக்கு வேறு என்னென்ன வந்திருக்கும் என்று ஒரு கணக்கு அவர்களிடம் நிச்சயம் இருக்கும்.

காரில் கோளாறு இல்லை. 38 ஒரு வயதும் இல்லை. நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது: 800-இல் உள்ளங்கை வேர்த்தது. புதுக் காரில் வேர்க்கவில்லை. ஏன் வேர்க்கவில்லை என்று மட்டும் பார்த்தால் போதும்.

உங்கள் காரின் பெயரை விட்டுவிடுகிறேன். அந்த வர்க்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். போர்ஷே 911 டர்போ எஸ், 2020-இல் வந்த மாடல். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 650 குதிரைத்திறன், எடை 1,640 கிலோ. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு 2.7 விநாடி. உச்ச வேகம் 330. இந்தப் பக்கம் அப்பாவின் 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர், 39 குதிரைத்திறன் சொச்சம், எடை 650 கிலோ பக்கம். போர்ஷேயின் பின் டயர் ஒன்றின் அகலம் 315 மில்லிமீட்டர். 800-இன் பின் டயர்கள் இரண்டையும் ஒட்டி வைத்தாலே 290-தான் வரும். போர்ஷேயின் முன் பிரேக் டிஸ்க்குக்கு விட்டம் 420 மில்லிமீட்டர். 800-இன் ரிம் 12 அங்குலம், அதாவது 305. போர்ஷேயின் பிரேக் தட்டுக்குப் பின்னால் 800-இன் ரிம்மே மறைந்துவிடும். இந்த அளவுகளை முதலில் எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

இப்போது இரண்டையும் அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி விடுவோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 கி.மீ. வேகத்தில் திரும்பினால், வண்டியின் எடையில் ஏறக்குறைய பாதி அளவு விசை அதைப் பக்கவாட்டில் இழுக்கும். 800-இன் ஒல்லி டயருக்கு அது பெரிய வேலை. கைவசம் உள்ள பிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே செலவாகிவிடும். வண்டி சாயும், டயர் முனகும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேலே இருக்கிற கைப்பிடியைத் தேடுவார். ஸ்டியரிங் கனத்துப்போய், ரோட்டில் என்ன நடக்கிறது என்று உங்கள் மணிக்கட்டுக்குச் சொல்லும். அதே வளைவு, அதே 30-இல் ஸ்போர்ட்ஸ் கார் தன் பிடிப்பில் பாதியைக்கூடத் தொட்டிருக்காது. சாயாது, முனகாது. அதற்கு அது வளைவே இல்லை. உங்களுக்கு மட்டும் எப்படி வளைவாகத் தெரியும்?

சரி, அப்படியானால் இன்னும் வேகமாகத் திரும்பலாமே என்பீர்கள். பிடிப்பு எவ்வளவு இருந்தாலும் அந்த 15 மீட்டர் ஆரத்தில் ஐம்பதுக்கு முன்பே எல்லை வந்துவிடும். 800-க்கு அந்த எல்லை நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே. வித்தியாசம் எட்டோ பத்தோ. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியது கொண்டை ஊசியில் எட்டு கி.மீ. வேகம்!

ஆனால் உண்மையான வித்தியாசம் வளைவில் இல்லை, இரண்டு வளைவுக்கு நடுவில் இருக்கிறது. 2.7 விநாடியில் நூறைத் தொடும் கார் அதற்குள் ஓடும் தூரம் சுமார் 40 மீட்டர். மூன்றரை பஸ் நீளம். ஏற்காடு மலைப்பாதையில் ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினால் ஒரு விநாடி, மிஞ்சினால் ஒன்றரை விநாடி, அப்புறம் காலை எடுத்தே ஆக வேண்டும். எதிரில் அடுத்த வளைவோ, ஆட்டோவோ, குரங்குக் கூட்டமோ நிற்கும். 800-இல் நீங்கள் என்ன செய்தீர்கள்? நினைத்துப் பாருங்கள். மூன்றாவது வளைவில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தவர், மேலே போகிற வரைக்கும் வளைவுக்கு மட்டும்தான் காலை எடுத்திருப்பீர்கள். செகண்டா தேர்டா என்று ஒவ்வொரு முறையும் யோசித்திருப்பீர்கள். தேர்டு போட்டால் இழுக்காது, செகண்டில் வைத்தால் கத்தும். முன்னால் லோடு ஏற்றிய வேன் போனால், அதைத் தாண்ட நேர் ரோடு எங்கே வரும் என்று இரண்டு வளைவுக்கு முன்பே கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்த வண்டியிடம் இருந்த அத்தனையையும் நீங்கள் செலவழித்தீர்கள், ஒரு குதிரை மிச்சமில்லாமல். புதுக் காரில் அறுநூறு சொச்சம் குதிரையில் ஐம்பது அறுபதுக்குத்தான் வேலை வந்திருக்கும். பாக்கி எல்லாம் லாயத்தில் தூங்கிக்கொண்டே ஏற்காடு வந்து சேர்ந்திருக்கின்றன.

இன்னொன்று, நம் மலைக்கே உரியது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு போலக் குறைந்துவிடும். கார்புரேட்டரில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற 800 மாதிரி வண்டி காற்றை உறிஞ்சித்தான் பிழைக்கிறது, ஆகவே மேலே போகப் போக பெட்ரோல் கூடிப்போய் மூச்சு வாங்கும். பதினைந்தாவது வளைவுக்கு மேல் 800 மாறிவிடும், ஞாபகம் இருக்கிறதா? காலால் கெஞ்ச வேண்டியிருக்கும். டர்போ வண்டியில் காற்றை அமுக்கி உள்ளே தள்ள ஒரு விசிறியே இருக்கிறது. அதற்கு அடிவாரமும் ஒன்று, மேலே ஏற்காட்டு ஒண்டிக்கடையும் ஒன்று. மலை ஏறினோம் என்பதே அதற்குத் தெரியாது.

இதற்கு மேல் காருக்குள் இருக்கும் வேலைக்காரர்கள். கிளட்ச்சை ஒருவன் எடுத்துக்கொண்டான், கியரை ஒருவன். டயர் வழுக்கினால் நீங்கள் உணர்வதற்குள் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டுச் சரிசெய்ய ஒருவன். ஸ்டியரிங்குக்கு எலெக்ட்ரிக் மோட்டார். 911-இல் அது 2011-இல் வந்த தலைமுறையில்தான் புகுந்தது. அதுவரை ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. மாறியபோது ரோடு கையில் பேசவில்லை என்று அந்தக் காரின் பக்தர்களே குறைப்பட்டார்கள். மாமியார் வீட்டு விருந்து மாதிரிதான். இலை போட்டு, பரிமாறி, கை அலம்பத் தண்ணீரும் ஊற்றுகிறார்கள். மாப்பிள்ளைக்கு மென்று விழுங்குவது ஒன்றுதான் வேலை. மூன்றாம் நாள் அலுக்காமல் என்ன செய்யும்?

இப்படி ஏன் செய்கிறார்கள் என்றால், செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று ஒரு பந்தயப் பாதை. மலைக்காட்டுக்குள் 20.8 கி.மீ. சுற்று. நம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை உள்ள தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அங்கே எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும், எதிரில் பஸ் வராது. பெரிய கம்பெனிகள் எல்லாம் அதில் யார் குறைந்த நிமிடத்தில் சுற்றுகிறார்கள் என்று போட்டி போடுகின்றன. வேகக் கட்டுப்பாடு இல்லாத ஆட்டோபான் நெடுஞ்சாலை நீளங்களும் அவர்களுக்கு உண்டு. 250-இல் போகும்போது கார் அமைதியாக, பதறாமல் இருக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள். 250-இல் பதறாத வண்டி 40-இல் தூங்காமல் என்ன செய்யும்? நம் நாட்டில் நாலு வழிச் சாலையிலேயே காருக்கு மத்திய அரசின் உச்ச வரம்பு 100 கி.மீ. ஓமலூர் ரோட்டில் மூச்சை இழுத்து விடுவதற்குள் சட்டம் முடிந்துவிடும்.

செய்கிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. போர்ஷேயே 2016-இல் 911 ஆர் என்று ஒன்று விட்டார்கள். கையால் போடும் கியர் மட்டும், டர்போ இல்லை, எடை 1,370 கிலோ. 991 வண்டிதான் செய்தார்கள். வாங்கிய விலையைப்போல் பல மடங்குக்குக் கைமாறியது. டொயோட்டா 2012-இல் ஜிடி86 கொண்டுவந்தபோது இன்னும் தைரியமான காரியம் செய்தார்கள். 200 குதிரைத்திறன், பின் சக்கர ஓட்டம், ஆனால் டயர் மட்டும் பிரியஸ் என்கிற குடும்பக் காருக்குப் போடுகிற ரகம். வேண்டுமென்றே பிடிப்பைக் குறைத்தார்கள், சாதாரண வேகத்திலேயே வண்டி விளையாட வேண்டும் என்று. ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குச் சுமாரான டயர் போடச் சொல்லி மேலிடத்தில் கையெழுத்து வாங்கியவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். 1977 என்று நினைவு. தொழில் கற்றுக்கொண்டிருந்த பையன் நான். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. இங்கிலாந்து டிரையம்ஃப் டிசைன், மெட்ராஸில் செய்தார்கள். பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இஞ்சின் வேலை பார்க்கலாம். என் முதுகுக்கு அதைப்போல நல்லது செய்த கார் வேறில்லை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மற்ற கார்கள் கொண்டை ஊசியில் ரோடு முழுக்க வளைத்து எடுக்கும்போது இது ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் திரும்பும்.

அதற்கு ஒரு குணம் உண்டு. பின் சக்கரங்கள் ஆக்சிலோடு சேர்ந்து நடுவிலிருந்து ஊஞ்சல்போல ஆடும் அமைப்பு. வளைவில் போகும்போது பயந்து சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், சக்கரம் உள்வாங்கும், வால் வெளியே போகும். எல்லோரும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஐப்பசி மாதத்து மழையில், காப்பிக்காட்டுக்கு நடுவே ஒரு வளைவில், இருபத்தைந்து மைல் வேகம்கூட இருக்காது, நான் காலை எடுத்துவிட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் வண்டி வந்த வழியைப் பார்த்து நின்றது. பெரியவர் பக்கத்து ஸீட்டில். குடையைத் தவிர எதுவும் கீழே விழவில்லை. என்னைத் திட்டவில்லை. “காலை எடுத்தது நீ. ரெண்டு செகண்டு முன்னாடியே வண்டி உங்கிட்ட சொல்லிச்சு, நீ கேக்கலை” என்றார். பிறகு அதே வளைவில் என்னை நாலு தடவை ஓட்டச் சொன்னார். நாலாவது தடவைதான் எனக்குக் கேட்டது. முதுகுத்தண்டின் அடியில், ஸீட் வழியாக, வால் லேசாக நெளிவது. அந்த இரண்டு விநாடிச் சேதிக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

உங்கள் கார் அந்தச் சேதியை உங்களிடம் கொண்டுவருவதே இல்லை. நடுவிலேயே வாங்கி, பிரித்து, பதிலும் எழுதி அனுப்பிவிடுகிறது. மழையில், இருட்டில், குழந்தைகளை வைத்துக்கொண்டு போகும்போது அது பெரிய உபகாரம். என் மகள் ஓட்டுகிற வண்டியில் அந்த வசதி இல்லாமல் நான் வாங்க விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைக்கு மட்டும் அது உதவாது.

இன்னொரு ஒப்புதல் வாக்குமூலம். உங்கள் காரைப் போன்ற ஒன்றைப் போன மார்கழியில் நானும் ஓட்டினேன். சிநேகிதரின் மகன், “பெரியப்பா, நீங்க ஓட்டிப் பாருங்க” என்று சாவியைக் கொடுத்தான். எட்டாவது வளைவோடு போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். 1.9 மீட்டர் அகலம். 800 ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. மேலிருந்து பஸ் இறங்கியது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது மலைப்பாதைச் சட்டம், டிரைவரும் மரியாதையாக ஒதுங்கித்தான் நின்றார். ஆனாலும் இரண்டு பக்கமும் எனக்கு உயிர் போயிற்று. இந்தப் பக்கம் தடுப்புச் சுவர், அந்தப் பக்கம் பஸ்ஸின் தகரம். பயம் நிறைய இருந்தது, எல்லாம் பெயிண்டைப் பற்றிய பயம். 67 வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியது தனிக் கதை.

இப்போது என்ன செய்வது? ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பழைய சிரிப்பு வரும் வரைக்கும் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது. அந்தக் காரில் அது வருகிற வேகத்தில் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. விறகுக் கட்டோடு யாராவது வந்துகொண்டிருப்பார்கள். காரை எழுப்ப வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோங்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இரண்டு கி.மீ. சொச்சம் சுற்று. பயிற்சி நாள் பார்த்து, ஹெல்மெட் போட்டு, சொல்லிக்கொடுக்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை நாள் ஓட்டுங்கள். உங்கள் கார் யார் என்று அன்றைக்குத் தெரியும். அந்தப் பாதைக்கு யார் பெயர் என்றால், கரிவரதன். கோவைக்காரர். அவர் செய்து விட்ட குட்டிப் பந்தயக் கார்களுக்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். 2005-இல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன்னுக்குப் போன நாராயண் கார்த்திகேயன் தொடங்கியது அந்த வண்டியில்தான். உள்ளே இருந்த இஞ்சின் என்ன தெரியுமா? உங்கள் அப்பாவின் 800.

ஏற்காட்டுக்கு வேறு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைவாக, டயர் ஒல்லியாக, கையால் கியர் போடுகிற மாதிரி ஒன்று. பழசாக இருந்தால் பிரேக்கை மட்டும் என்னைப் போன்ற ஒருவரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: என்னிடம் 1.0 லிட்டர் டர்போ ஹேட்ச்பேக் இருக்கிறது. இஞ்சின் கம்ப்யூட்டரில் ரீமேப் செய்தால் முப்பது குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். ஓட்டுவதில் குஷி கூடுமா?
வாசகர், ஆத்தூர்

பதில்: ஒரு வாரம் கூடும். அதற்கப்புறம் கூட்டியது பழகிப்போய், இன்னும் முப்பது கேட்பீர்கள். இதற்கிடையில் கிளட்ச் தேயும், கம்பெனி வாரண்டி போகும். அந்தப் பணத்தில் நல்ல டயர் நாலு போடுங்கள், வீல் அலைன்மென்ட் பாருங்கள், டிக்கியில் இருக்கிற பழைய மூட்டை முடிச்சை இறக்குங்கள். நாற்பது கிலோ குறைந்தால் வண்டி எவ்வளவு மாறும் என்று ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: சில ஸ்போர்ட்ஸ் கார்களில் இஞ்சின் சத்தம் ஸ்பீக்கர் வழியாக வருகிறது என்று தோழி சொல்கிறாள். நான் நம்பவில்லை. பந்தயம் கட்டியிருக்கிறேன்.
கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

பதில்: பந்தயத்தில் தோற்றுவிட்டாய் அம்மா. 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 முதற்கொண்டு இது ஊரறிந்த விஷயம். வி8 இஞ்சினுக்கு டர்போ வைத்தபோது சைலன்சர் வழியாக வரும் ஓசை மழுங்கியது, கார் உள்ளே கண்ணாடியும் பஞ்சுமாக அடைத்ததில் மிச்சமும் போயிற்று. இஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று பார்த்து, அதற்கேற்ற சத்தத்தை ஸ்டீரியோவில் வாசித்தார்கள். கல்யாண வீட்டில் தவில்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, கீபோர்டில் தவில் சத்தம் போடுவது மாதிரி. என்ன பந்தயம் என்று எழுதவில்லையே. தட்டுவடை செட் என்றால் எனக்கும் ஒரு பிளேட்.

கேள்வி: இருபது டன் லோடோடு தொப்பூர் கணவாய் இறங்குவதைவிட த்ரில் உண்டா சார்?
லாரி ஓட்டுநர், நாமக்கல்

பதில்: இல்லை. அந்த த்ரில் உங்களுக்கும் வேண்டாம், முன்னால் போகிறவனுக்கும் வேண்டாம். மேலே இருக்கும்போதே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். கார் தானாகப் பறப்பது அவருக்கு ஜாலியாகவும் இருக்கிறதாம்.
வாசகி, தருமபுரி

பதில்: மைத்துனர் கார்புரேட்டர் காலத்து ஆளா? இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும், சக்கரமே இஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கும். மிச்சப்படுத்துவதாக நினைத்துச் செலவு செய்கிறார். அதைவிட, வண்டியின் முழு எடையும் பிரேக் மேல் விழுகிறது. ஞாயிறு சாயங்காலம் கீழ் வளைவுகளில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாருங்கள், கருகிய வாசனை வரும். பிரேக் லைனிங். சூடேறிவிட்டால் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. ஏறும்போது போட்ட கியரையே இறங்கும்போதும் போடச் சொல்லுங்கள். மைத்துனரிடம் நீங்கள் சொல்லி எடுபடாது என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்புங்கள்.

கேள்வி: அப்பா காலமாகி எட்டு வருடம் ஆகிறது. அவருடைய மாருதி 800, 1996 மாடல், அன்று நிறுத்திய இடத்திலேயே ஷெட்டில் நிற்கிறது. பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்கிறார். மறுபடி ஓட வைக்க முடியுமா? முடிந்தால் நானே ஓட்டப் பழக ஆசை.
வாசகி, ஏற்காடு

பதில்: முடியும். இரும்புக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். (முதல் கடிதம் எழுதிய சேலத்துக்காரர் இதைப் படித்துவிட்டு ஆசிரியருக்கு போன் போடுவார், அவரிடமும் இல்லை என்றே சொல்லுங்கள்.) அந்த வண்டி தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும் சாமான்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் ஆசையில் பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். முதலில் டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை முழுசாக இறக்க வேண்டும். எட்டு வருடத்தில் அது பெட்ரோலாக இருக்காது, பிசினாக இருக்கும். மூன்று பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு மூன்று சொட்டு இஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டைமிங் பெல்ட்டைப் பார்க்காமலேயே மாற்றுங்கள், ரப்பர் நின்ற இடத்திலேயே செத்துப்போகும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி புது கிட் போட வேண்டும். பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் புதுசாக மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பரை அது தின்றுவிடும். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், பின்னால் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர், ஆயில் எல்லாம் புதுசு. டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், கடைசி இரண்டும் செய்த வருடம். அதைப் பார்த்தாலே மனசு மாறிவிடும். ஆர்.சி. 15 வருடத்தில் முடிந்திருக்கும். அப்பா புதுப்பித்திருந்தாலும் அது ஐந்தைந்து வருடக் கணக்கு, நடுவில் விட்டுப்போயிருக்கும். வாரிசு பெயருக்கு மாற்றுவதையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

பழகுவதற்கு ஏரியைச் சுற்றி வாரநாள் காலையில் வாருங்கள், கூட்டம் இருக்காது. அப்புறம் சேர்வராயன் கோயில் ரோடு. மலை இறங்குவது ஒரு மாதம் கழித்து. சோக்கை (குளிர்ந்த இஞ்சினை எழுப்ப இழுக்கிற குமிழ்) இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே தள்ள மறந்துவிடாதீர்கள், அப்பா அதை எங்கே எவ்வளவு இழுப்பார் என்று வீட்டில் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.